இருமியவர் சொன்னது: பெங்களூருத் தேசியக் காசநோய் நிறுவனத்தின் தொடக்ககால ஆய்வுகள்

மருத்துவ ஆராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காசநோயைப் பொறுத்தவரை, 1882இல் நோய்க்கிருமியைக் கண்டறிந்து அறிவித்த இராபர்ட் காக், 1895இல் ஊடுகதிரைக் கண்ட இரான்ட்ஜன், 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்த வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தார் ஆகியோரின் பெயர்களை எந்தப் பாடநூலிலும் காணலாம். ஆனால் கிருமியும் கருவியும் மருந்தும் கைக்கு வந்த பிறகும் விடை தெரியாத வினாக்கள் பல எஞ்சியிருந்தன. நோயாளியை எங்கே கண்டறிவது, எங்கே வைத்து மருந்து கொடுப்பது, மருந்து கிடைக்காதவர் என்ன ஆகிறார், தமக்கு நோய் உண்டென்பதை ஊர்ப்புறத்து மனிதர் அறிவாரா என்பன அவை. இவ்வினாக்களுக்கு ஆய்வுமுறையாக விடை தேடிய இடங்களுள் முதன்மையானவை தென்னிந்திய நகரங்கள் இரண்டு. ஒன்று சென்னை, மற்றொன்று பெங்களூரு. சென்னை ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பெங்களூரு ஆய்வுகள் துறைசார் வட்டத்திற்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. நோயாளியின் சொல்லை ஒரு சான்றாக ஏற்று ஆராய்ந்தவை என்பதால் அவை தனிக்கவனத்திற்கு உரியவை. இக்கட்டுரை அவற்றின் பின்னணியையும் விளைவையும் ஆராய்கிறது.

நோயின் பெயர்கள்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரில் அந்நோயைப் பற்றிய அவர்களது அறிவு பதிந்திருக்கும். தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள் இரு வகையின. காசநோய் என்பது இருமலைக் குறிக்கும் 'காசம்' என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. ஈளை என்பதும் சளியையும் அதனால் வரும் நோயையும் குறிப்பது. இவை நோயின் தொடக்கக் குறியைக் கொண்டு அமைந்தவை. என்புருக்கி, சயம், கயம் என்பனவோ தேய்வைக் குறிப்பவை. நோயின் முடிவைக் கொண்டு அமைந்தவை. கன்னடத்தில் பொதுவழக்காக இருப்பது க்ஷயரோகம் என்னும் தேய்வுப் பெயரே. ஆக, ஒருவன் இருமத் தொடங்கும் நாள் முதல் எலும்புந்தோலுமாகப் படுக்கும் நாள் வரை இந்நோயின் போக்கு முழுவதையும் மக்கள் பெயர்களாலேயே குறித்து வைத்திருந்தனர். இதனை இங்குச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. கிராமத்தார்க்கு நோயறிவு இல்லை, அவர்களாக மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், எனவே தேடிச் சென்று கண்டறிய வேண்டும் என்னும் கருத்தே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பொதுநலவாழ்வுத் துறையில் மேலோங்கியிருந்தது. அக்கருத்தை அசைத்தது பெங்களூரு ஆய்வுதான்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டி முடிகிறது. பரிமேலழகர் இந்நான்கினுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்புகள் உரைப்பார். இந்த நான்காம் உறுப்பாகிய உழைச்செல்வான் யார் என்னும் வினா, காசநோய்ச் சிகிச்சையின் வரலாற்றில் எதிர்பாராத வகையில் மீண்டும் எழுந்ததைப் பின்னர்க் காணலாம்.

சானடோரியக் காலம்

மருந்து வருவதற்கு முன் காசநோய்க்குரிய சிகிச்சை என்பது ஓய்வு, தூய காற்று, நல்லுணவு என்னும் மூன்றுமே. இவற்றை அளிப்பதற்கெனத் தனியிடங்கள் ஐரோப்பாவைப் பின்பற்றி இங்கும் எழுந்தன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறித்தவச் சபைகள் கூடி நடத்திய சானடோரியமும், 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிப் பின்னர் 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட சானடோரியமும் தமிழ் மக்கள் நன்கறிந்தவை. மைசூரில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், காசநோய்க்குப் பலியான தம் உடன்பிறந்தாள் கிருஷ்ணாஜம்மண்ணியின் நினைவாக ஒன்றை அமைத்தார். அரண்மனையும் இந்நோய்க்கு விலக்கன்று என்பதற்கு அக்கட்டடமே சான்று. சென்னைப் புறநகர் இரயில் பாதையில் 'தாம்பரம் சானடோரியம்' என்பது இன்றும் ஒரு நிலையத்தின் பெயர். அவ்விடத்தில் இறங்கி ஏறுவோருள் அச்சொல்லின் பொருளை நினைப்பவர் குறைவாகவே இருக்கக்கூடும்.

சானடோரியம் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதே அடிப்படைச் சிக்கல். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் காசநோயாளர் இருப்பதாகவும், ஆண்டுதோறும் 5 இலட்சம் பேர் இறப்பதாகவும், அவர்களுக்கென இருந்த படுக்கைகள் 6,000 அளவினவே என்றும் மதிப்பிட்டது. இக்கணக்கின்படி நானூறு நோயாளர்க்கு ஒரு படுக்கை. எஞ்சிய முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வீடே சானடோரியம். அங்கு ஓய்வும் இல்லை, உணவும் இல்லை.

நோயறிதலும் அக்காலத்தில் உறுதியற்றதாகவே இருந்தது. கணிதமேதை இராமானுஜன் இங்கிலாந்தில் காசநோயாளராகக் கருதப்பட்டுப் பல சானடோரியங்களில் வைக்கப்பட்டார். 1920 ஏப்ரலில் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவரது நோய்க்குறிப்புகளை மறுபடி ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்னும் மருத்துவர், அது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று 1994இல் எழுதினார். இது பிற்காலத்து ஊகமே ஆயினும், கிருமியைக் கண்ணால் காணாது குறிகளைக் கொண்டு மட்டும் நோயைத் துணிவதன் அபாயத்தை நன்கு உணர்த்துவது.

சேத்துப்பட்டு ஆய்வு

1948ஆம் ஆண்டு தமிழிலக்கிய மாணவர்க்குப் புதுமைப்பித்தன் மறைந்த ஆண்டாகும். புனேயில் 'ராஜமுக்தி' திரைப்படப் பணியில் இருந்தபோது காசநோய்க்கு ஆளான அவர் அவ்வாண்டில் திருவனந்தபுரத்தில் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு அச்சேறியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி 107 நோயாளர் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். மருந்தும் ஓய்வும் பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் இறந்தவர் 4. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் இறந்தவர் 14. யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்காமல் முன்னரே மூடி வைக்கப்பட்ட உறைகள் தீர்மானித்தன. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மருந்து போதிய அளவு இல்லை என்பதே ஒரு பிரிவினர்க்கு மருந்து தராமைக்குக் கூறப்பட்ட நியாயம். பற்றாக்குறையே ஆய்வுக்கு அறத்தளமாக அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவிலும் அவ்வாறே ஆயிற்று.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககால வழிகாட்டியாக இருந்தார். அங்கு எழுப்பப்பட்ட வினா எளிமையானது: ஒரே மருந்தை வீட்டிலிருந்து உண்பவர்க்கும் சானடோரியத்தில் படுத்து உண்பவர்க்கும் பயன் வேறுபடுமா? நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, இரு பிரிவினரும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவின்படி நோய் தணிந்தவர் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86. சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு தரத்தாழ்ந்தது. அவர்களுள் பலர் உழைத்துக்கொண்டும் இருந்தனர். உடல் எடையும் சானடோரியத்தாரைப் போல் ஏறவில்லை. ஆயினும் நோய் தணிவதில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுத் தொடர்நோக்கில் அச்சிறு வேறுபாடும் ஏறக்குறைய மறைந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்க்கு அதனால் மிகுதியான தீங்கு நேர்ந்ததாகவும் தெரியவில்லை. சிகிச்சை தொடங்குமுன்பே தொற்று பரவிவிடுகிறது என்பது புலனாயிற்று.

இம்முடிவால் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படலாயின என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, அம்மையத்தார் மருந்து உண்ணப்பட்டதா என்பதை அறிய மேற்கொண்ட முயற்சி. நலவாழ்வுப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கும் அது வயிற்றுக்குள் போவதற்கும் இடையில் ஒரு தொலைவு உண்டென்பதை அவர்கள் கண்டனர். எனவே அடுத்த கட்டமாக, வாரம் இருமுறை மையத்திற்கு வரவழைத்துக் கண்முன்னே மருந்தளிக்கும் முறையை 1960களின் முற்பகுதியில் ஆராய்ந்தனர். குறளின் நான்காம் உறுப்பு இங்குத்தான் மறுபிறப்பு எடுத்தது எனலாம். ஆனால் உடனிருந்து பேணுபவனாக அன்று, உடனிருந்து சாட்சி சொல்பவனாக.

தும்கூரில் கேட்கப்பட்ட வினா

சென்னை ஆய்வு மருந்தைப் பற்றியது. பெங்களூரில் 1959இல் தோற்றுவிக்கப்பட்டு 1960இல் பிரதமர் நேருவால் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தின் பணி வேறு. பெல்லாரி சாலையில் 'அவலான்' என்னும் பழைய மாளிகையில் அமைந்த அந்நிறுவனத்திடம், நாடு முழுமைக்கும் ஏற்ற ஒரு காசநோய்த் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரங்களில் எவ்வளவோ கிராமங்களிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு என்று காட்டியிருந்தது. மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினர் கிராமங்களில் வாழ்ந்த நாட்டில், நகர மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே கேள்வி. பிற நாடுகளில் பின்பற்றப்பட்ட வழி, ஊடுகதிர்ப் படக்கருவியை ஊர்தியில் ஏற்றி ஊர் ஊராகச் சென்று அனைவரையும் படம்பிடிப்பது. அதற்கான செலவோ ஆட்களோ இந்தியாவில் இல்லை. அப்போது பெங்களூரில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் பணியாற்றியவருள் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாஃப்டன் மாலர், ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இந்திய ஆய்வாளருள் நோய்ப்பரவியலில் இராஜ் நாராயணும் சமூகவியலில் டி. பானர்ஜியும் முன்னின்றனர்.

ஒரு காசநோய் நிறுவனத்தில் சமூகவியலுக்குத் தனிப்பிரிவு இருந்ததே அக்காலத்திற்குப் புதுமைதான். தும்கூர் மாவட்டத்தில் நோய்ப்பரவியல் குழு ஊடுகதிர்ப் படமும் சளிச் சோதனையும் செய்து முடித்த ஊர்களுக்குச் சமூகவியல் குழு பின்தொடர்ந்து சென்றது. படத்தில் நோய்க்குறி தென்பட்டவர்களையும், அவர்களை ஒத்த வயதும் பாலும் உடைய நோயில்லாதவர்களையும் சந்தித்து, உடம்பில் என்ன தொல்லை, அதனைப் பற்றிக் கவலை உண்டா, அதற்காக எங்கேனும் போனதுண்டா என்று கேட்டது. பானர்ஜியும் ஆண்டர்சனும் இதன் முடிவுகளை 1963இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர்.

சளியில் கிருமி காணப்பட்டவருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தம் உடலில் நோய்க்குறி இருப்பதை உணர்ந்தே இருந்தனர். ஏறக்குறைய முக்கால் பங்கினர் அதனை எண்ணிக் கவலையுற்றிருந்தனர். பாதிப் பேர் அதற்காக மருத்துவ உதவியும் நாடியிருந்தனர். நாடியது பூசாரியிடமோ மந்திரவாதியிடமோ அன்று. மேலைமுறை மருத்துவம் அளிக்கும் நிலையங்களுக்கே அவர்கள் சென்றிருந்தனர். சென்றவர்க்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. அரசு மருத்துவமனைகளில் மக்கள் 'மிக்சர்' என்றும் 'கலர் தண்ணி' என்றும் சொல்லும் அதே மருந்து. சளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க அங்கு எவரும் முற்படவில்லை.

இம்முடிவின் வன்மையை இன்று உணர்வது சற்றுக் கடினம். அறியாமை கிராமத்தானிடம் இருக்கிறது என்று கருதப்பட்டு வந்தது. அவன் இருமினான், கவலைப்பட்டான், பல கல் தொலைவு நடந்து மருத்துவ நிலையத்திற்கு வந்தான், தன் நோயைச் சொன்னான். அதைக் கேட்டும் அறியாதிருந்தது மருத்துவ நிலையமே. நோயாளியைத் தேடி ஊர்தியில் போவதற்கு முன், வாசலில் வந்து நிற்பவனைப் பாருங்கள் என்று அந்த ஆய்வு சொல்லிற்று. நீடித்த இருமலோடு தாமாக வரும் வெளிநோயாளரின் சளியை மட்டும் சோதித்தாலே ஒரு மாவட்டத்தில் எவ்வளவு நோயாளரைக் கண்டறிய இயலும் என்பதைப் பெய்லி முதலியோர் 1967இல் தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். அது முன்னைய முடிவை உறுதிப்படுத்தியது.

'உணர்ந்த தேவை' என்னும் சொல்லாட்சி இதிலிருந்தே திட்டமொழிக்குள் வந்து வலுப்பெற்றது. மக்கள் தாமே தேவையென்று உணர்வதன்மேல் சேவையைக் கட்டவேண்டும் என்பது அதன் பொருள். காசநோய்க்கெனத் தனிப்படை வேண்டா, இருக்கும் பொது மருத்துவ நிலையங்களே சளிச் சோதனையும் மருந்தும் வழங்கட்டும், மாவட்டத்திற்கு ஒரு மையம் அவற்றை வழிநடத்தட்டும் என்ற அமைப்பு அனந்தப்பூர் மாவட்டத்தில் முன்னோட்டமாகப் பார்க்கப்பட்டு, 1962இல் தேசியக் காசநோய்த் திட்டமாக உருப்பெற்றது. மாலர் 1973இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1978இல் அல்மா ஆட்டாவில் அடிப்படை நலவாழ்வுப் பேணல் பற்றிய பறைசாற்றம் அவர் காலத்திலேயே நிகழ்ந்தது. பானர்ஜி தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவ மையத்தை உருவாக்கினார். தும்கூரின் இருமலாளர் யாரும் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

119 ஊர்கள், 126 பேர்

பெங்களூரு நிறுவனத்தின் மற்றொரு பெரும்பணி, 1961 முதல் 1968 வரை பெங்களூரு மாவட்டத்து 119 ஊர்களில் நான்கு சுற்றுகளாக நடத்தப்பட்டு 1974இல் வெளியிடப்பட்ட ஐந்தாண்டு நோய்ப்பரவியல் ஆய்வாகும். முறையான காசநோய்த் திட்டம் இல்லாத சூழலில் இந்நோய் தன் போக்கில் என்ன செய்கிறது என்பதை அளப்பது அதன் நோக்கம். முதற்சுற்றில் சளியில் கிருமி காணப்பட்டு ஐந்தாண்டு தொடரப்பட்டவர் 126 பேர். ஐந்தாண்டின் முடிவில் அவருள் 62 பேர் இறந்திருந்தனர். 23 பேர் இன்னும் கிருமியை உமிழ்ந்துகொண்டிருந்தனர். 41 பேரிடம் கிருமி மறைந்திருந்தது. அதாவது பாதிப் பேருக்குச் சாவு. மூன்றில் ஒரு பங்கினர்க்குத் தானாகவே தணிவு. எஞ்சியோர் நீடித்த நோயாளராகப் பிறர்க்கும் பரப்புவோர்.

இவ்வெண்கள் உலகக் காசநோயியலின் அடிப்படை எண்களுள் அடங்கிவிட்டன. ஒரு திட்டம் எவ்வளவு உயிரைக் காத்தது என்று கணக்கிட, திட்டமே இல்லையெனில் என்ன ஆகும் என்பதை அறிந்தாக வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டப்படுவது இந்த 126 பேரின் முடிவே. 1978இல் கிரிபோவ்ஸ்கி, எனார்சன் ஆகியோர் இதனைப் பிற நாட்டு நிலைகளோடு ஒப்பிட்டு, அரைகுறையாக நடத்தப்படும் சிகிச்சைத் திட்டம் இறப்பைக் குறைத்தாலும் நீடித்த நோயாளரின் பங்கைக் கூட்டிவிடுகிறது என்று காட்டினர். ஒருவகையில் அரைச் சிகிச்சை சிகிச்சையின்மையினும் சமூகத்திற்குக் கேடு விளைப்பது என்னும் கசப்பான உண்மை அதிலிருந்து பெறப்பட்டது.

மூன்றில் ஒரு பங்கினர் மருந்தின்றியே தேறினர் என்பதும் சிந்திக்கத்தக்கது. மலைக்காற்றோ, முட்டையும் பாலுமோ, பத்திய மருந்தோ, நேர்த்திக்கடனோ, எதனை மேற்கொண்டாலும் மூவருள் ஒருவர் தேறியிருப்பார். தேறியவர் அதனையே புகழ்ந்திருப்பார். சானடோரியத்தின் புகழிலும், பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் காணும் என்புருக்கி மருந்துகளின் புகழிலும் இம்மூன்றிலொரு பங்கிற்கு இடமுண்டு. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத எந்தச் சிகிச்சைச் சான்றும் ஏன் போதாதது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆனால் இவ்வாய்வின் காலநிரல் ஒரு வினாவை எழுப்பாமல் விடுவதில்லை. ஐசோனியாசிட் 1952 முதல் வழக்கில் இருந்தது. வீட்டுச் சிகிச்சை போதும் என்று சென்னை 1959இல் நிறுவியது. தேசியத் திட்டம் 1962இல் தொடங்கியது. ஆய்வோ 1968 வரை நீண்டது. இடையில் 1964இல், மனிதர்மீதான மருத்துவ ஆராய்ச்சிக்கு அறநெறி வகுத்த ஹெல்சிங்கிப் பறைசாற்றம் ஏற்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறநெறிக் கொள்கை அறிக்கை வெளிவந்ததோ 1980இல்தான். இன்று அத்தகைய ஓர் ஆய்வை எந்த அறநெறிக் குழுவும் ஏற்காது. அக்காலத்தில் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் காசநோய்த் திட்டம் சென்றடையவில்லை என்பதையும், ஆய்வு நடந்தாலும் நடவாவிட்டாலும் அவ்வூரார் நிலை அதுவாகவே இருந்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இலண்டன் ஆய்வுக்குச் சொல்லப்பட்ட பற்றாக்குறை நியாயமும் இதுவே. எனினும் இரண்டும் ஒன்றாகா. இலண்டனில் பற்றாக்குறை மருந்தில் இருந்தது. பெங்களூரு மாவட்டத்தில் மருந்தைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டில் இருந்தது. முன்னது ஆய்வாளர் கையில் இல்லாதது. பின்னது அந்நிறுவனமே வகுக்க அமர்த்தப்பட்ட பணி. ஒரு கையால் திட்டத்தைத் தீட்டிய நிறுவனம் மறு கையால் திட்டமின்மையின் விளைவை அளந்தது என்பதே வரலாறு. அந்த அளவீட்டால் பிற்காலத்தில் பயன்பெற்றோர் எண்ணிலர் என்பது 62 பேரின் கணக்கை நேர்செய்யுமா என்பது மருத்துவ அறவியலார் இன்னும் விவாதிக்க வேண்டிய ஒன்று.

திட்டமும் நடைமுறையும்

தேசியக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்ட அளவிற்கு நடத்தப்படவில்லை. பொது மருத்துவ நிலையங்களின்மேல் கட்டப்பட்ட திட்டம், அந்நிலையங்கள் வலுவாக இருந்தால் மட்டுமே நிற்கக்கூடியது. குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா ஒழிப்பு முதலிய தனித்திட்டங்கள் பணியாளரையும் பணத்தையும் ஈர்த்துக்கொள்ள, அடிப்படை நிலையங்கள் நலிந்தன என்பது பானர்ஜி பின்னாளில் தொடர்ந்து முன்வைத்த வாதம். 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சை தொடங்கியவருள் பாதிக்கும் குறைவானவரே அதனை முடித்தனர் என்று கண்டது. அதன்பின் 1993இல் முன்னோட்டமாகவும் 1997 முதல் விரிவாகவும் நடைமுறைக்கு வந்த திருத்தியமைக்கப்பட்ட திட்டத்தின் நடுத்தூண், ஒருவர் கண்முன்னே மருந்துண்ணும் முறை. சேத்துப்பட்டில் தோன்றிய அம்முறை உலகைச் சுற்றி 'டாட்ஸ்' என்னும் பெயரோடு திரும்பி வந்தது. இடைவெளி விட்டு மருந்தளிக்கும் முறை 2017இல் கைவிடப்பட்டு நாள்தோறும் அளிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. 2020இல் திட்டத்தின் பெயர் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் என மாற்றப்பட்டது.

தும்கூர் ஆய்வை நினைவிற் கொண்டு நோக்கினால் இத்திருப்பத்தில் ஒரு முரண் புலனாகும். 1963இல் ஐயத்திற்குரியதாக நின்றது மருத்துவ நிலையம். முப்பதாண்டு கழித்து ஐயத்திற்குரியவனாக நிறுத்தப்பட்டவன் நோயாளி. இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்தனுப்பியவரை யாரும் கண்முன் நிறுத்திக் கண்காணிக்கவில்லை.

உணவு பற்றிய வினா

சென்னை ஆய்வு, மருந்து முறையாக உண்ணப்படின் நல்லுணவு இன்றியும் நோய் தணியும் என்று காட்டியது. அது அக்கால நோக்கில் விடுதலையளித்த முடிவு. ஏழைக்கும் சிகிச்சை இயலும் என்றது. ஆனால் காலப்போக்கில் அது, காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டன்று என்பதாகத் திரித்துக் கொள்ளப்பட்டது. சேத்துப்பட்டார் கேட்டது நோயாளி தேறுவதற்கு உணவு இன்றியமையாததா என்பதை. நோய் வராமல் காப்பதில் உணவின் பங்கு என்ன என்பதை அவர்கள் கேட்கவில்லை.

அவ்வினா அறுபதாண்டு கழித்துக் கேட்கப்பட்டது. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா தலைமையில், சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்க, சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. 2,800 நோயாளர்க்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. அவர்தம் வீட்டார் 10,345 பேருள் குலுக்கல் முறையில் ஒரு பிரிவினர்க்கு மட்டும் திங்கள்தோறும் தலைக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடம் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நுண்ணோக்கி முதலிய சோதனைகளால் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயோ நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. நோயாளரிலும், முதல் இரு திங்களில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறியவரிடையே இறப்பு பெரிதும் குறைவாக இருந்தது.

நோயாளர்க்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் நடுவணரசின் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டிருந்தது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக்கப்பட்டது. அது நோயாளிக்கு உரியது. அரிசியும் பருப்பும் பெற்று நோயினின்று தப்பிய சார்க்கண்டு வீட்டாரைப் போன்றோர்க்கு உணவுக்கூடை நீட்டிக்கப்படுவதற்கான அறிவிப்பும் 2024ஆம் ஆண்டில்தான் வந்தது.